வேலியைத் தள்ளியவர் யார்?

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேலிச் சண்டையைப் பற்றி விளக்கவேண்டுவதில்லை. கிடுகு மாற்றி வேலியடைக்கும் நாளிலே ஒரு கதியால் அரை முழம் அப்பால் நகர்ந்துவிடும். மறு ஆண்டு இன்னும் அரை முழம். ஒருநாள் அயல்வீட்டுக்காரர் பொறுமையிழந்து அதனைப் பிடுங்கி எறிவார். உடனே இவ்வீட்டார், “எங்கள் வளவுக்குள் வந்து கதியாலைப் பிடுங்கிவிட்டான்” என்று கூக்குரலிடுவர். ஊர் கூடும். பிடுங்கிய கையை ஊரார் யாவரும் காண்பர். நகர்த்திய கை எது என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

எனது பத்தாவது வயதில் அத்தகைய கை ஒன்றை நான் கண்டேன். அது என் பெரிய தகப்பனாருடைய கை. விசாரிக்க வந்த விதானையார் என்னையும் ஒரு வார்த்தை கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பல்லாண்டுகளாக மறந்திருந்த இச்சம்பவத்தை என் மாணவன் ஒருவன் சென்ற தவணையிலே நினைவூட்டிவிட்டான். தாய்நாடு போரில் இறங்கியபின் அப்போரை எதிர்த்துப் பேசுதல் துரோகமாகுமா என்ற பொருள்பற்றி உயர்தர வகுப்பில் விவாதம் நடந்தது. துரோகமே என்று வாதித்த கட்சி வென்றது. வகுப்புக் கலைந்தபின் அம்மாணவன் என்னிடம் வந்தான். “ஐயா, போரைத் தன்னுடைய நாடே பிழையாகத் தொடங்கியது என்று ஒருவனுக்குத் தெரிகிறது. ஆனால் போர் தொடங்கிவிட்டது. அவனுடைய அண்ணன் போர்முனையில் நிற்கிறான். இனி அவன் என்ன செய்வது?” என்று கேட்டான்.

அவனுக்கு உடனே விடைகூற என்னால் இயலவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொன்னேன். அவ்வரலாறும் ஒரு வேலிச் சண்டையிலிருந்தே தொடங்குகின்றது.

இரண்டு ஆறுகளுக்கு இடையில்

மெக்சிக்கோவின் பகுதியாக இருந்த ரெக்சாஸ் 1836ஆம் ஆண்டிலே கிளர்ச்சி செய்து பிரிந்தது. 1845இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் அதனைத் தம்முடன் சேர்த்துக்கொண்டன. மெக்சிக்கோ அப்பிரிவினையையே ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்குமேல் எல்லைத் தகராறு ஒன்றும் இருந்தது. மெக்சிக்கோவின் ஆட்சிக்காலத்தில் ரெக்சாசின் எல்லையாக இருந்தது நுவேசஸ் என்னும் ஆறு. ரெக்சாஸ்காரரோ அதற்கு அப்பால் 100 மைலுக்கு மேல் தள்ளி ஓடும் ரியோ கிராண்ட் ஆறே தமது எல்லை என்றனர்.

அப்பொழுது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் ஜேம்ஸ் போல்க். அவருடைய கண் ரெக்சாசோடு நிற்கவில்லை. பசிபிக் சமுத்திரக் கரையிலுள்ள கலிபோர்னியாவின்மீதும் விழுந்திருந்தது. கலிபோர்னியாவையும் நியூ மெக்சிக்கோவையும் விலைக்குக் கேட்டு 1845ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தூதரை அனுப்பினார். மெக்சிக்கோ அரசு அத்தூதரை ஏற்க மறுத்தது. 1846 ஜனவரியிலே, தளபதி சக்கரி ரெய்லரின் படையை ரியோ கிராண்ட் வரை முன்னேறுமாறு போல்க் கட்டளையிட்டார். மெக்சிக்கோவின் நகரான மத்தமோறோசுக்கு நேரெதிரே அப்படை கோட்டையமைத்து, பீரங்கிகளை நகரை நோக்கி நிறுத்தியது. கதியால் நகர்ந்துவிட்டது.

ஏப்பிரல் 25ஆந் தேதி மெக்சிக்கோவின் குதிரைப்படை ஆற்றைக் கடந்துவந்து அமெரிக்க ரோந்துப்படை ஒன்றைத் தாக்கியது. சிலர் மாண்டனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர். மே 11ஆந் தேதி ஜனாதிபதி, அமெரிக்க மண்ணிலே அமெரிக்கரின் இரத்தம் சிந்தப்பட்டுவிட்டது என்று காங்கிரசுக்கு அறிவித்தார். ஆனால் இத்தாக்குதற் செய்தி தலைநகரை எட்டுமுன்னரே போர்ப் பிரகடனம் கோருவதென்று அவர் தம் மந்திரிகளுடன் பேசி முடித்திருந்தார் என்பது அவருடைய நாட்குறிப்பிலிருந்தே வெளியாகின்றது. காரணம் பின்னர் வந்தது. தீர்மானம் முன்னரே இருந்தது.

பிரதிநிதிகள் சபையில் விவாதத்துக்கு அளிக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். அதிலும் பெரும்பகுதி பத்திரங்களை வாசிப்பதிலே கழிந்தது. படைவீரருக்கு வேண்டிய பொருளுதவியும், போரைத் தொடங்கியது மெக்சிக்கோவே என்ற வாசகமும் ஒரே மசோதாவில் பிணைக்கப்பட்டிருந்தன. மசோதாவை எதிர்ப்பவர் ஆபத்தில் நிற்கும் வீரரைக் கைவிடுபவராகத் தோன்றுவார். 174 பேர் ஆதரித்தனர். 14 பேர் மட்டும் எதிர்த்தனர். அப்பதினால்வரில் ஒருவர் முன்னாள் ஜனாதிபதியான முதியவர் ஜோன் குவின்சி அடம்ஸ். செனற் சபையில் எதிர்த்தவர் இருவரே.

ஓர் இரவுச் சிறை

மசாசூசெற்ஸ் மாநிலத்தில் கொன்கோர்ட் என்னும் ஊர். அதற்கு அண்மையிலுள்ள வோல்டன் குளக்கரையிலே தானே கட்டிய குடிசையில் வாழ்ந்தார் ஹென்றி டேவிட் தோரோ. 1846 ஜூலை மாதத்தில் ஒருநாள், திருத்தக் கொடுத்திருந்த சப்பாத்தை வாங்கிவர ஊருக்குள் சென்றார். சில ஆண்டுகளாகத் தலைவரி கட்டாதிருந்த காரணத்தால் அங்கே கைதுசெய்யப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 29. அன்றிரவே யாரோ ஒருவர் அவருக்காக அவ்வரியைக் கட்டிவிட்டனர். மறுநாட் காலை வெளியே வந்த தோரோ, சப்பாத்தை வாங்கி அணிந்துகொண்டு, நண்பர்களோடு காட்டுப்பழம் பறிக்கச் சென்றார்.

இக்கதையை மிகைப்படுத்திச் சொல்லுதல் எளிது. உள்ளதை உள்ளவாறு சொல்லுதலே நலம். அவர் வரி கட்ட மறுத்தது போருக்கு முன்னரே தொடங்கிவிட்டது. முதற் காரணம் அடிமை வியாபாரத்தைக் காத்துநின்ற அரசின்மீது அவருக்கிருந்த வெறுப்பு. அத்தலைவரியும் மாநிலத்துக்குரியது, மெக்சிக்கோப் போருக்கு நேரே செல்வதன்று. எனினும் போர் மூண்டபின் இரண்டு அநீதிகளும் அவர் உள்ளத்தில் ஒன்றாகின. அடிமை முறையைப் பரப்பவே இப்போர் என்று அவர் கண்டார். 1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் ஊரவர் முன்னிலையில் இதுபற்றி விரிவுரையாற்றினார். 1849இல் அது கட்டுரையாக அச்சேறியது. அவர் இறந்து நான்கு ஆண்டுகளின்பின், 1866இல் வெளிவந்த நூலில்தான் ‘சட்டமறுப்பு’ என இன்று உலகறிந்த தலைப்பு அதற்கு அமைந்தது.

அக்கட்டுரையின் சாரம் இது: உலகிலுள்ள அநீதிகள் அனைத்தையும் ஒழிப்பது ஒருவனுடைய கடமையாகாது, அவனுக்கு வேறு அலுவல்களும் உண்டு. ஆனால் அநீதியிலிருந்து தன் கையைக் கழுவிக்கொள்வதேனும் அவன் கடமையாகும். மற்றொருவன் தோள்மீது ஏறியிருந்துகொண்டு தன் அலுவலைப் பார்ப்பதானால், முதலில் அத்தோளைவிட்டு இறங்கவேண்டும்.

கேள்வி கேட்ட சட்டத்தரணி

இரண்டாமவர் வேறு வழியிற் சென்றார். இல்லினோய் மாநிலத்திலிருந்து தெரிவுசெய்யப்பட்டு, 1847 டிசெம்பரிலே பிரதிநிதிகள் சபையில் முதன்முறையாக அமர்ந்த 38 வயதுச் சட்டத்தரணி அவர். பெயர் ஆபிரகாம் லிங்கன். அவர் சபைக்கு வந்தபோது மெக்சிக்கோவின் தலைநகரே அமெரிக்கப் படையின் கையில் வீழ்ந்திருந்தது. வெற்றி முழக்கத்தின் நடுவே எட்டுக் கேள்விகளைத் தீர்மானங்களாக அவர் கொணர்ந்தார்.

அவற்றின் கருத்து எளியது. இரத்தம் சிந்திய அந்த இடம் எது? அது யாருடைய மண்? அங்கு வாழ்ந்த மக்கள் அமெரிக்க அரசுக்கு எப்போதேனும் அடங்கி வாழ்ந்தனரா? அமெரிக்கப் படை வருவதைக் கண்டு வீட்டையும் பயிரையும் விட்டு ஓடினார்களன்றோ? ஒரு நல்ல சட்டத்தரணி சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போன்ற கேள்விகள். ஜனாதிபதி அவற்றுக்கு விடை கூறவேயில்லை.

1848 ஜனவரி 3ஆந் தேதி, இப்போர் ஜனாதிபதியால் அவசியமின்றியும் அரசியலமைப்புக்கு மாறாகவும் தொடங்கப்பட்டது என்ற திருத்தம் 85க்கு 81 என்ற வாக்குகளால் சபையில் நிறைவேறியது. லிங்கனும் ஆதரித்து வாக்களித்தார். அதே லிங்கன், களத்தில் நின்ற வீரருக்கு உணவும் உடையும் மருந்தும் அனுப்பும் மசோதாக்களை ஒருபோதும் எதிர்க்கவில்லை. தொடங்கியவனுடைய பிழைக்கு அனுப்பப்பட்டவன் பட்டினி கிடக்கலாகாது என்பது அவர் நிலை.

இதன்பொருட்டு அவர் பழி சுமந்தார். ஊரிலிருந்த தொழிற்பங்காளரே அவரைக் கண்டித்து எழுதினார். நாடு தாக்கப்படுமெனத் தான் கருதும்போதெல்லாம் பிற நாட்டின்மீது படையெடுக்கலாம் என்று ஓர் ஆட்சித் தலைவருக்கு இடங்கொடுத்தால், அவ்வதிகாரத்துக்கு எல்லை வகுக்க எவராலும் இயலாது என்ற கருத்தில் லிங்கன் அவருக்கு விடையெழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1858இல் டக்ளஸ் என்பவருடன் நடந்த புகழ்பெற்ற விவாதத்திலும், போர்க்காலத்தில் எதிரியின் பக்கம் நின்றவர் என்ற அம்பு அவர்மீது எய்யப்பட்டது. வீரருக்கான உதவியை நான் மறுத்ததில்லை என்பதே அவரது மறுமொழி.

சொல்லாமற் போரிட்டவர்

மூன்றாமவர் போர்முனையிலேயே நின்றார். யுலிசிஸ் கிறான்ற் அப்பொழுது 24 வயதுள்ள லெப்டினன்ட். தளபதி ரெய்லரின் படையோடு ரியோ கிராண்ட் வரை நடந்தவர்களில் அவரும் ஒருவர். போர் தவறானது என்று அவர் உள்ளம் அன்றே சொல்லிற்று. எனினும் கடமை என்று எண்ணித் துணிவோடு போரிட்டார், பாராட்டும் பெற்றார். பிற்காலத்தில் உள்நாட்டுப் போரில் வென்ற தளபதியாகி, இருமுறை ஜனாதிபதியும் ஆனார்.

1885ஆம் ஆண்டு, தொண்டையிற் புற்றுநோய் முற்றி மரணத்தை எதிர்நோக்கியிருந்த நிலையில் தம் நினைவுகளை நூலாக எழுதி முடித்தார். வலிய நாடொன்று மெலிய நாட்டின்மீது நடத்திய மிக அநீதியான போர்களில் மெக்சிக்கோப் போரும் ஒன்று என அதில் எழுதினார். பிந்திய உள்நாட்டுப் போரையே அதற்குக் கிடைத்த தண்டனையாகக் கருதினார். இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், அப்போது பதவியைத் துறக்கப் போதிய மனத்துணிவு தமக்கு இல்லாமற்போயிற்று எனத் தம்முடன் பயணஞ்செய்த பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். குண்டுமழைக்கு அஞ்சாத வீரர் ஒருவர் இதனைச் சொன்னார் என்பது மாணவர் சிந்திக்கத்தக்கது. துணிவு என்பது ஒருவகை மாத்திரமன்று.

நாலாமவர் நிக்கலஸ் திறிஸ்ட். சமாதானம் பேச அனுப்பப்பட்ட அரசாங்க உத்தியோகத்தர். இடையிலே திரும்பி வருமாறு ஜனாதிபதி கட்டளையிட்டார். திரும்பினால் போர் நீளும் என்று கண்ட திறிஸ்ட் கட்டளையை மீறித் தங்கியிருந்து, 1848 பெப்ரவரி 2ஆந் தேதி உடன்படிக்கையில் ஒப்பமிடுவித்தார். வேலை போயிற்று, மீறித் தங்கிய காலத்துக்குரிய சம்பளமும் மறுக்கப்பட்டது. அதனைக் காங்கிரஸ் அவருக்கு வழங்கியது 1871இல். உடன்படிக்கை நாளில், தோற்ற மெக்சிக்கரின் வெட்கத்திலும் அமெரிக்கனாகிய தன் வெட்கமே பெரிதாயிருந்தது என்று அவர் தம் குடும்பத்தாரிடம் கூறியதாக அறிகின்றோம்.

அதே மாதம் 21ஆந் தேதி, போர்த் தளபதிகளைக் கௌரவிப்பதுபற்றிய வாக்கெடுப்பிலே உரத்த குரலில் “இல்லை” என்ற 80 வயது அடம்ஸ், சற்று நேரத்தில் தம் ஆசனத்திலேயே சாய்ந்தார். இரண்டு நாட்களில் உயிர் பிரிந்தது.

விதுரனும் வீட்டுமனும்

நம் வீடுகளில் இதைப் படிக்கும் பெரியோர் ஒரு வினா எழுப்பலாம்: “கீதை என்ன சொல்லுகிறது? வில்லைக் கீழே வைத்த அருச்சுனனைக் கண்ணன் எழுந்து போரிடு என்றல்லவா ஏவினான்?” வியப்பு யாதெனில், தோரோவும் இதே வினாவை எழுப்பியவர். கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் போற்றிப் படித்தவர் அவர். ஆயினும் 1849இல் வெளிவந்த தமது முதல் நூலிலே, அருச்சுனன் ஏன் போரிடவேண்டும் என்பதற்குக் கண்ணன் போதிய காரணம் காட்டவில்லை என்று துணிந்து எழுதினார்.

அவருக்கு விடை கீதைக்குள் மட்டும் இல்லை, பாரதம் முழுவதிலும் இருக்கின்றது என்பது என் எண்ணம். கீதை சொல்லப்பட்டது போரைத் தொடங்குவதற்கு அன்று. அதற்கு முன்னர் கண்ணன் தூது நடந்தான். நாடு இல்லையேல் ஐந்து ஊர், அதுவும் இல்லையேல் ஐந்து வீடு என்று இறங்கி வந்தான். ஊசிமுனை நிலமும் இல்லை என்றவன் துரியோதனன். ஆகவே தன் நாட்டின் பிழையான போரில் நிற்பவன் தன்னை அருச்சுனனோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவன் நோக்கவேண்டியது கௌரவர் மாளிகையை.

அம்மாளிகையிலே பிழையை அறிந்தோர் பலர் இருந்தனர். வீட்டுமன் அறிந்தான்; துரோணன் அறிந்தான். உண்ட சோற்றுக்குக் கடன் தீர்க்கவேண்டும் என்று களம் புகுந்தனர். விதுரனோ தம் வீட்டாரை நோக்கி இது அறமன்று என்று இடித்துரைத்தான். நம் தமிழ் வில்லிபாரதக் கதையிலே அவன் தன் வில்லை முறித்துப் போட்டுப் போரினின்றும் ஒதுங்குகிறான். அவன் பாண்டவர் பாசறைக்கு ஓடிவிடவில்லை என்பதையும் கவனித்தல்வேண்டும். அத்தினாபுரியின் நன்மையையே நாடினான். கிறான்ற் வீட்டுமன் வழி நின்றவர் என்றால் தோரோ விதுரன் வழி நின்றவர் எனலாம்.

பயன் யாது?

இவர்கள் எதிர்த்ததால் போர் நின்றதா? நிற்கவில்லை. ரெக்சாஸ் நீங்கலாகவே 5 இலட்சம் சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம் மெக்சிக்கோவின் கையைவிட்டுப் போயிற்று. அது நம் இலங்கையைப்போல் இருபது மடங்கு. அதற்கு விலையாக அமெரிக்கா கொடுத்தது 150 இலட்சம் டொலர். அமெரிக்கப் படையில் ஏறக்குறைய 13,000 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது நோய். புதிதாகப் பெற்ற நிலத்தில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்ற தகராறே வளர்ந்து, 1861இல் அந்நாட்டை இரண்டாகப் பிளந்த உள்நாட்டுப் போருக்கு வழிவகுத்தது. போரின் விலையை இத்தீவில் வாழும் நமக்கு எவரும் விரித்துரைக்கவேண்டியதில்லை.

எதிர்த்தவர் யாவரும் தூயவர் என்றும் சொல்வதற்கில்லை. கட்சி இலாபத்துக்காக எதிர்த்தோர் இருந்தனர். மெக்சிக்க மக்களைத் தம்மோடு சமமாக வைத்தெண்ண மனமில்லாமலே அந்நாட்டை இணைக்கக்கூடாது என்றவரும் இருந்தனர். ஆகவே போரை எதிர்ப்பவனும் தான் எதிர்ப்பது எதற்காக என்று தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஆயினும் சொன்ன சொல் வீண்போகவில்லை. தென்னாபிரிக்காவில் தமது போராட்டத்தைத் தொடங்கிவிட்டிருந்த காந்தியடிகள் தோரோவின் கட்டுரையைப் படித்து, 1907இல் தமது பத்திரிகையில் அதன் சாரத்தை வெளியிட்டார். அப்போராட்டத்திலே சிறைசென்று நோயுற்று, 1914இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையை அறியாத தமிழ்ப் பிள்ளை இருத்தலாகாது. அதே கட்டுரையை மாணவப் பருவத்திற் படித்த மார்ட்டின் லூதர் கிங், 1967 ஏப்பிரல் 4ஆந் தேதி நியூயோர்க்கிலே தம் நாடு வியட்னாமில் நடத்திய போரைக் கண்டித்துப் பேசினார். நண்பர்களே கோபித்தனர். சரியாக ஓராண்டின் பின் அதே தேதியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மாணவனுக்கு விடை

இவ்வளவையும் கூறியபின் என் மாணவனுக்கு நான் சொன்னது இது: “தம்பி, போர்முனையில் நிற்கும் உன் அண்ணனுக்குச் சோறும் மருந்தும் போகவேண்டும், அதில் லிங்கனைப் பின்பற்று. ஆனால் அண்ணன் அங்கு நிற்கிறான் என்பதே அவனை அங்கு அனுப்பிய காரணத்தை மெய்யாக்கிவிடாது. இரத்தம் சிந்திய இடம் எது, அது யாருடைய மண் என்று கேள். அண்ணனிடத்தில் உனக்குள்ள அன்பே அக்கேள்வியைக் கேட்கும் உரிமையை உனக்குத் தருகின்றது. எதிரியோடு சேர்ந்துகொள்ளாதே, பொய்க்கும் துணைபோகாதே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பாதை ஒடுக்கமானது. ஆயினும் பாதை உண்டு.”

அவன் சற்று யோசித்தான். “ஐயா, நீங்களானால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று கேட்டான்.

விதானையார் கேட்ட அன்றைய கேள்வியை அவனுக்குச் சொன்னேன். நான் தலைகுனிந்ததையும் மறைக்கவில்லை. பெரிய தகப்பனார் இன்று இல்லை. அயல்வீட்டு முதியவரும் இல்லை. கதியால் நின்ற இடத்தில் இப்பொழுது சீமெந்து மதில் எழுந்திருக்கிறது. அது நிற்பது நகர்த்திய எல்லையில். ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மதிலைக் கடந்துதான் வீட்டினுள் நுழைகின்றேன். பத்து வயதுப் பையன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதில் இடம் மாறியிருக்கும் என்று நான் எண்ணவில்லை. ஆனால் அதனைக் கடக்கும்போது என் தலை நிமிர்ந்திருக்கும்.